கிரான்ல பேக்கப் தெனமும் ஓடுது, ஃபைலும் வருது, ஆனா உள்ள ஒண்ணுமே இல்லைங்க (41 நாள் போச்சு, அவசரம்)

தறிச்சத்தம், ஈரோடு:

வணக்கமுங்க எல்லாருக்கும். அவசரம்ங்கறதால நேரா விஷயத்துக்கு வந்துடறேன். எங்க ஊர்ல மூணு கிளை வெச்சிருக்கற ஒரு ஓட்டலுக்கு பில்லிங், கொள்முதல் கணக்கு ரெண்டுக்கும் சாஃப்ட்வேர் நான்தான் பாத்துக்கறேன். செர்வர் மும்பைல ஒரு விபிஎஸ் (வாடகைக்கு எடுத்த மெய்நிகர் செர்வர்), உபுண்டு 22.04, ரெண்டு கோர், 4 ஜிபி ரேம், டேட்டாபேஸ் மைஎஸ்க்யூஎல் 8. ஒண்ணரை மாசம் முன்னாடி பழைய செர்வர்லேர்ந்து இதுக்கு மாத்துனேன், அப்ப பழைய பேக்கப் ஸ்கிரிப்டையும் அப்படியே தூக்கிட்டு வந்து கிரான்டேப்ல (குறிச்ச நேரத்துக்கு வேலையைத் தானா ஓட்டற கிரானோட லிஸ்ட்) 0 2 * * * ன்னு, அதாவது தெனமும் 2 மணிக்குன்னு போட்டேன். ஸ்கிரிப்ட் பண்றது ரெண்டே வேலைதான்: மைஎஸ்க்யூஎல்டம்ப்ல டேட்டாபேஸ் மொத்தத்தையும் (டம்ப்) எடுத்து, அதை அப்படியே பைப் வழியா சுருக்கற ஜிஜிப் கமாண்டுக்கு குடுத்து தேதி பேர்ல ஒரு ஃபைல், அப்பறம் ஸ்கேன் பண்ணி வெச்சிருக்கற கொள்முதல் பில் படங்க இருக்கற ஃபோல்டரை மொத்தமா ஒரு டார் (எல்லாத்தையும் கட்டின ஒரே ஃபைல்). கைல ஓட்டிப் பாத்தேன், ரெண்டும் அருமையா வந்துச்சு. சரின்னு விட்டுட்டேன்.

இன்னிக்கு காலைல ஓட்டல் கணக்கர் போன் பண்ணாருங்க. 11 நாளைக்கு முன்னாடி, ரெட்டையா இருந்த ஒரு சப்ளையர் பேரை அழிக்கறேன்னு தப்பான பேரை அழிச்சுட்டாராம், அந்த சப்ளையரோட இந்த வருஷத்து கொள்முதல் பதிவு மொத்தமும் போயிருச்சு. காய்கறி, எண்ணெய், மளிகை எல்லாம் அந்த ஒரே ஆள்கிட்ட வாங்கறது. 20ஆம் தேதி ஜிஎஸ்டி ரிட்டர்ன், இன்னிக்கு 16. நான் தைரியமா "பேக்கப் இருக்குங்க சார், ஒரு மணி நேரத்துல எடுத்துத் தர்றேன்"னு சொல்லிட்டு செர்வர்ல உள்ள போய்ப் பாக்கறேன், 41 ஃபைல் வரிசையா இருக்கு, ஒவ்வொண்ணும் கரெக்டா 20 பைட். 20 எம்பி இல்லைங்க, 20 பைட். படத்தோட டார் மட்டும் ஒழுங்கா 18 ஜிபி இருக்கு. பாத்ததும் கை நடுங்கிருச்சு.

கைல ஓட்டுனா இப்பவும் முழு டம்ப் வருது. கிரான்ல ஓடுனா மட்டும் 20 பைட். ஏன்னு புரியலை. இன்னொண்ணு, ராத்திரி 2 மணிக்குன்னு போட்டது காலைல ஏழரைக்கு ஓடுது போல, மூணு கிளையிலயும் டிபன் கூட்டம் நிக்கற நேரத்துல பில் போட அரை நிமிஷம் ஆகுதுன்னு ஒரு மாசமா சொல்லிட்டே இருந்தாங்க, நான் நெட்வொர்க்குன்னு நெனச்சுட்டேன். பழைய செர்வரை ரத்து பண்ணியாச்சு, அதுல ஒண்ணும் கிடையாது. போன டேட்டாவை எடுக்க வழி இருக்கா, இனிமே இதை எப்படி ஒழுங்கா வைக்கறது, தெரிஞ்சவங்க சொல்லுங்க, ரொம்ப நன்றிக்கடனா இருக்கும்.

நைட்ஷிஃப்ட், திருநெல்வேலி:

தம்பி, மொதல்ல பதறாதீங்க. டேட்டா மீட்கிறதுக்கு டேட்டாபேஸ் ஆளுங்க யாராவது வந்து சொல்லட்டும், அதுவரைக்கும் அந்த செர்வர்ல எதையும் அழிக்காதீங்க, ரீஸ்டார்ட் பண்ணாதீங்க, அப்டேட் போடாதீங்க. 20 பைட் கதையை மட்டும் நான் சொல்லுதேன், ஏன்னா இதே 20 பைட்டை நான் மூணு இடத்துல பாத்துட்டேன்.

ஜிஜிப்புக்கு உள்ள ஒண்ணுமே போகலைன்னாலும் அது ஒரு ஃபைல் எழுதும். தலைப்பு 10 பைட், காலி டேட்டாவுக்கு 2, கடைசியில சரிபார்க்கிறதுக்கு 8, மொத்தம் 20. அதாவது உங்க டம்ப் கமாண்ட் ஓடவே இல்ல, ஜிஜிப் மட்டும் ஓடி வெறும் டப்பாவை மூடி வச்சிருக்கு. பைப்புல கடைசியா நிக்கிற கமாண்டோட ரிசல்ட்டைத்தான், கமாண்டையெல்லாம் ஓட்டுற ஷெல் எடுத்துக்கும், ஜிஜிப் நல்லபடியா முடிஞ்சதால ஸ்கிரிப்டுக்கும் எல்லாம் சரின்னுதான் தோணும்.

டம்ப் ஏன் ஓடலைன்னா, நீங்க புது செர்வர்ல மைஎஸ்க்யூஎல்லை பேக்கேஜா போடாம டார் ஃபைலா இறக்கி /யூஎஸ்ஆர்/லோக்கல் கீழ வச்சிருப்பீங்கன்னு நினைக்கேன். பாத்-தை (கமாண்டைத் தேடுற இடங்களோட பட்டியல்) பாஷ்ஆர்சி ஃபைல்ல சேத்திருப்பீங்க, நீங்க லாகின் பண்ணி ஓட்டும்போது அது படிக்கப்படுது, ஆனா கிரான் அதையெல்லாம் படிக்காது. அதுக்குத் தெரிஞ்ச பாத் ரெண்டே ரெண்டு, /யூஎஸ்ஆர்/பின், /பின். அதனால "கமாண்ட் நாட் ஃபவுண்ட்"ன்னு எர்ரர் வந்திருக்கும். அந்த எர்ரரை கிரான் மெயிலா அனுப்பப் பாக்கும், உங்க செர்வர்ல மெயில் அனுப்புற எதுவும் போட்டிருக்க மாட்டீங்க, அதனால அதைத் தூக்கி எறிஞ்சிருக்கும். சிஸ்லாக்ங்கிற செர்வர் பதிவு ஃபைலைத் திறந்து கிரான்னு தேடிப் பாருங்க, "நோ எம்டிஏ இன்ஸ்டால்ட், டிஸ்கார்டிங் அவுட்புட்"னு தினமும் ஒரு வரி இருக்கும். 41 நாளும் அது சொல்லிக்கிட்டேதான் இருந்திருக்கு, கேக்க ஆளில்லாத இடத்துல போய்.

நேரம்: செர்வர் யூடிசியில, அதாவது நமக்கு அஞ்சரை மணி பின்னால இருக்கிற உலகப் பொது நேரத்துல இருக்கு. 2 மணி யூடிசின்னா நமக்கு காலை 7:30. நமக்கு ராத்திரி 2 வேணும்னா 30 20 * * * ன்னு போடணும், முந்தின நாள் 20:30. இதுல ஒண்ணு பாத்துக்கிடுங்க, அந்த நேரத்துல செர்வருக்கு இன்னும் நேத்து தேதிதான், அதனால ஃபைல் பேர்லயும் நேத்து தேதி விழும், அவசரத்துல தேடுறப்ப இது ஆளைக் குழப்பிரும். செர்வர் டைம்சோனையே கொல்கத்தாவுக்கு மாத்துறதுன்னா மாத்திட்டு கிரானை ஒருதடவை ரீஸ்டார்ட் பண்ணணும், இல்லேன்னா அது பழைய நேரத்துலயே ஓடிட்டிருக்கும்.

பில்லிங் மெதுவானது டம்பால இல்ல, டம்புதான் ஓடவே இல்லையே. 18 ஜிபி படத்தை தினமும் முழுசா டார் கட்டினா ரெண்டு கோர் செர்வர் என்ன செய்யும், டிஸ்க் மூச்சு வாங்கத்தான் செய்யும். நேத்தைக்கும் இன்னைக்கும் நடுவுல புதுசா வந்தது நாப்பது படம் இருக்குமா? அதை மட்டும் அனுப்ப ஆர்சிங்க் இருக்கு. அதை அப்புறம் பேசலாம்.

வரிசைஎண், கோயமுத்தூர்:

டேட்டாபேஸ் வேலைல 14 வருஷமா இருக்கேன், இதை முதல்ல படிங்க, நல்ல செய்தியா இருக்கலாம். மைஎஸ்க்யூஎல் 8ல பைனரி லாக் (பின்லாக்), அதாவது டேட்டால நடக்கற ஒவ்வொரு மாற்றத்தையும் எழுதி வைக்கற பதிவு, நாம கேக்காமலே ஆன்ல இருக்கும், அதுல இருக்கற லாக் 30 நாள் வரைக்கும் இருக்கும், அதுக்கப்புறம்தான் தானா அழியும். கணக்கர் அழிச்சு 11 நாள்தான் ஆகுது. அப்ப அந்த டெலீட் நடந்த லாக் இன்னும் உங்க டேட்டா டைரக்டரில பின்லாக்னு ஆரம்பிக்கற ஃபைல்கள்ல எங்கயோ இருக்கணும், நீங்க கான்ஃபிக்ல அணைச்சு வெச்சிருந்தாலொழிய.

வரிசையா செய்யுங்க. முதல் வேலை, பின்லாக் எக்ஸ்பயர் செகண்ட்ஸ்னு ஒரு வேரியபிள் இருக்கு, அதை குளோபலா 0 ஆக்குங்க, ரீஸ்டார்ட் வேண்டாம், அப்படியே ஏத்துக்கும், இனி எதுவும் தானா அழியாது. ரெண்டாவது, எல்லா பின்லாக் ஃபைலையும் உங்க லேப்டாப்புக்கு காப்பி எடுத்துடுங்க, மேல கை வைக்கறது எல்லாம் அந்த காப்பிலதான். மூணாவது, இப்ப இருக்கற நிலைமைக்கு கைல ஒரு முழு டம்ப் எடுத்து அதையும் கீழ இறக்குங்க. மீட்கறேன்னு இறங்கி இருக்கறதையும் கெடுத்துக்கிட்டவங்களை நான் பாத்திருக்கேன், அதனாலதான் இவ்ளோ அழுத்திச் சொல்றேன்.

அப்புறம் மைஎஸ்க்யூஎல்பின்லாக் டூலை டீகோட் ரோஸ் ஆப்ஷனோட, வெர்போஸ் போட்டு, அந்த நாள் நேரத்தை மட்டும் குறிச்சு ஓட்டுங்க. எட்டுல லாக் முறை ரோ ஃபார்மட்தான், அதனால அழிஞ்ச ஒவ்வொரு வரியும் முழு மதிப்போட, டெலீட் ஃப்ரம் இன்ன டேபிள், வேர் போட்டு முதல் காலம் இது, ரெண்டாவது காலம் இதுன்னு அப்படியே எழுதி இருக்கும். அதைத் திருப்பி இன்சர்ட்டா மாத்திக்கலாம், சின்ன பைத்தான் ஸ்கிரிப்ட் போதும்.

ஒரே ஒரு சந்தேகம், அதுதான் எனக்கு பயமா இருக்கு. சப்ளையரை அழிச்சதும் கொள்முதல் பதிவுகள் எப்படி போச்சு? உங்க ஆப் தனித்தனியா டெலீட் அனுப்புச்சா, இல்ல டேபிள்ல ஃபாரின் கீக்கு ஆன் டெலீட் கேஸ்கேட், அதாவது ஒரு வரியை அழிச்சா அதோட இணைஞ்ச வரிகளும் தானா அழியற மாதிரி, போட்டிருக்கீங்களா? கேஸ்கேடா இருந்தா அந்த இணைஞ்ச டேபிள் வரிகளை இன்னோடிபி (டேபிள்களை வெச்சுக்கற மைஎஸ்க்யூஎல்லோட உள் எஞ்சின்) தனக்குள்ளயே அழிச்சுடும், 8ல பின்லாக்ல அது வராது, சப்ளையர் வரி ஒண்ணு மட்டும்தான் இருக்கும். அப்படி இருந்தா டெலீட்டைத் தேடாம, பதிவு போட்டப்ப நடந்த இன்சர்ட்டைத் தேடணும், அதுவும் கடைசி 30 நாளுக்குத்தான் கிடைக்கும். பாத்துட்டு உடனே சொல்லுங்க, ராத்திரி பதினொண்ணு வரைக்கும் முழிச்சுத்தான் இருப்பேன்.

தறிச்சத்தம், ஈரோடு:

அக்கா, கேஸ்கேட் இல்லைங்க! ஆப்-தான் லூப்புல டெலீட் அனுப்புது, நாலு வருஷம் முன்னாடி நான் எழுதுன கோடு. பின்லாக் 23 ஃபைல் இருக்கு, எல்லாம் லேப்டாப்புக்கு வந்துருச்சு, எக்ஸ்பயரியும் 0 பண்ணியாச்சு.

(ராத்திரி 10:40) கெடைச்சிருச்சுங்க. அந்த நாள் சாயங்காலம் 5:52க்கு, லாக்ல யூடிசி நேரம் 12:22ன்னு இருந்துச்சு, வரிசையா 1,214 டெலீட். ஒவ்வொண்ணுலயும் பில் நம்பர், தேதி, தொகை, ஜிஎஸ்டி எல்லாம் அப்படியே. முதல் வரில "சின்ன வெங்காயம் 50 கிலோ"ன்னு பாத்தப்ப கண்ணு கலங்கிருச்சு, சத்தியமா சொல்றேன். லேப்டாப்ல தனியா ஒரு டேட்டாபேஸ் வெச்சு அதுல ஏத்திப் பாத்தேன், மாசாமாசம் கூட்டுத்தொகை கணக்கர் எக்ஸெல்ல வெச்சிருந்ததோட பொருந்துது. நாளைக்கு காலைல அவரே வந்து பேப்பர் பில்லோட பத்துப் பதினஞ்சு ஒத்துப் பாத்துட்டு சொன்னதும் லைவ்ல ஏத்திடறேன்.

நைட்ஷிஃப்ட் அண்ணா, நீங்க சொன்னது அட்சரம் பிசகலை. சிஸ்லாக்ல அந்த வரி 41 தடவை இருக்கு. டார் ஃபைலா போட்டதும் நெசம்தான்.

குட்டிசெர்வர், சென்னை:

மீண்டது சந்தோஷம் ப்ரோ. ஆனா இவ்ளோ தலைவலி எதுக்கு, விபிஎஸ் கம்பெனி டாஷ்போர்டுலயே ஆட்டோமேடிக் ஸ்னாப்ஷாட்டுன்னு (செர்வரை அப்படியே முழுசா காப்பி எடுக்கறது) ஒரு பட்டன் இருக்கும், மாசம் நூறு இருநூறு ரூபா, ஆன் பண்ணி விட்டா அவங்களே பாத்துப்பாங்க. நான் ஏழு செர்வருக்கு அப்படித்தான் வெச்சிருக்கேன். ஸ்கிரிப்ட் எழுதி கிரான் போட்டு அதை யாரு தினமும் பாக்கறது.

நைட்ஷிஃப்ட், திருநெல்வேலி:

ஸ்னாப்ஷாட் இருக்கட்டும் ப்ரோ, நானும் வச்சிருக்கேன், ஆனா அது ஒண்ணை மட்டும் நம்பாதீங்கன்னு கெஞ்சிக் கேக்கேன். அது அதே அக்கவுண்ட்ல, பல நேரம் அதே கட்டடத்துல இருக்கு. 2021 மார்ச் 10ஆம் தேதி நடு ராத்திரியில பிரான்ஸ்ல ஸ்ட்ராஸ்பர்க்ல ஓவிஹெச் கம்பெனியோட டேட்டா சென்டர்ல தீப்பிடிச்சு எஸ்பிஜி2ன்னு ஒரு கட்டடம் முழுசா போச்சு. செர்வரும் பேக்கப்பும் ஒரே வளாகத்துல வச்சிருந்தவங்களுக்கு ரெண்டும் சேந்து போச்சு. தீ கூட வேண்டாம், கார்டு காலாவதியாகி பில் கட்டாம விட்டு அக்கவுண்ட் முடங்கினாலே ஸ்னாப்ஷாட்டும் கூடவே பூட்டிக்கிடும், யாராவது அந்த அக்கவுண்ட் பாஸ்வேர்டைத் திருடினா செர்வரை அழிச்ச கையோட ஸ்னாப்ஷாட்டையும் அழிப்பான். அதோட இந்தத் தம்பிக்கு வந்த பிரச்சனைக்கு ஸ்னாப்ஷாட்டு சரியான மருந்தும் இல்ல, பல இடத்துல அது கடைசி ஏழு நாள்தான் வைக்கும், இவருக்குத் தெரிய வந்ததே 11 நாள் கழிச்சு.

பனிக்காலம், டொரொண்டோ:

வணக்கம் தம்பி. உங்கட வெங்காய வரியை வாசிக்க எனக்கும் நெஞ்சு நிறைஞ்சு போச்சு. நான் யாழ்ப்பாணம், இப்ப இருபது வருசமா இஞ்ச கனடாவில, ரெண்டு மூண்டு தமிழ்க் கடையளுக்கும் ஒரு முதியோர் சங்கத்துக்கும் செர்வர் பாத்துக் குடுக்கிறன். இனி எப்படி வைக்கிறது எண்டு நீங்கள் கேட்டதுக்கு மட்டும் சொல்லுறன்.

பேக்கப்பை செர்வர் வெளியில தள்ளுறதை விட, வேற ஒரு மெஷின் வந்து இழுத்துக்கொண்டு போறதுதான் நல்லது. தள்ளுறதெண்டால் பேக்கப் இடத்தின்ர சாவி செர்வரில இருக்கவேணும், செர்வருக்குள்ள ஒருத்தன் பூந்தால் அந்தச் சாவியோட பேக்கப்பையும் அழிச்சுப்போட்டுப் போவான். இழுக்கிறதெண்டால் செர்வருக்கு பேக்கப் எங்க இருக்கெண்டே தெரியாது. இழுக்கிற மெஷினின்ர எஸ்எஸ்ஹெச் கீயையும் (செர்வருக்குள்ள போற சாவி) சும்மா விடாதேங்கோ, செர்வரில ஆதரைஸ்ட் கீஸ் ஃபைலில அந்தக் கீ வரிக்கு முன்னால ரிஸ்ட்ரிக்ட் எண்டும் கமாண்ட் எண்டும் போட்டு ஆர்ஆர்சிங்க் எண்ட ஸ்கிரிப்டை, அது ஆர்சிங்கோடயே வாறது, வாசிக்க மட்டும் எண்டு குறிச்சு ஒரே ஒரு ஃபோல்டருக்குக் கட்டிப்போடலாம். அந்தக் கீ களவு போனாலும் அந்த ஃபோல்டரை வாசிக்கத்தான் ஏலும், வேற ஒண்டும் செய்ய ஏலாது. உங்கட ஊரில கன பேருக்கு வீட்டு இன்டர்நெட்டுக்கு வெளியில இருந்து நேர வர ஏலாதெல்லோ, ஒரே ஐபிக்குப் பின்னால நூறு வீட்டை வச்சிருப்பாங்கள், இழுக்கிற முறைக்கு அது ஒரு தடையே இல்லை, உங்கட மெஷின்தானே வெளிய போகுது.

முதல் தரம் இழுக்கிறதைக் கையால செய்யுங்கோ. இந்த செர்வரை நம்பலாமோ எண்டு எஸ்எஸ்ஹெச் ஒரு கேள்வி கேக்கும், கிரானில அதுக்கு ஆம் எண்டு சொல்ல ஆள் இல்லை, அதிலயே நிண்டு போகும். நான் இதில மூண்டு நாள் இழந்திருக்கிறன்.

கரண்ட் கட் இருக்கிற இடமெண்டால் வீட்டு மெஷினில கிரானை விட சிஸ்டம்டி டைமர் வையுங்கோ. பெர்சிஸ்டன்ட் எண்டதை ட்ரூ ஆக்கினால், 3 மணிக்கு மெஷின் நிண்டிருந்தாலும் திரும்ப எழும்பின உடன தவறின வேலையை ஓட்டும், கிரான் அப்படிச் செய்யாது, அடுத்த நாள்தான். டைமரில நேரத்துக்குப் பின்னால ஏசியா/கொல்கத்தா எண்டும் எழுதலாம், யூடிசிக் கணக்குப் பாக்கத் தேவையில்லை. உங்களுக்கு எங்கட தொல்லை இல்லை, இஞ்ச மார்ச்சில ரெண்டாவது ஞாயிறு விடிய 2 மணி நேர 3 மணியாகிப் போகும், நவம்பர் முதல் ஞாயிறு ஒரு மணி தொடக்கம் ரெண்டு மணி மட்டும் ரெண்டு தரம் வரும். எனக்கு ஒரு நவம்பரில 1:30 வேலை ரெண்டு தரம் ஓடி, ஒண்டு எழுதிக்கொண்டிருக்கேக்க மற்றது அதே ஃபைலில எழுதி ரெண்டும் பழுதாப் போச்சு. அதுக்குப் பிறகு எல்லா வேலைக்கும் முன்னால எஃப்லாக் போடுறன், ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தால் ரெண்டாவது பேசாமல் திரும்பிப் போகும். உங்கட ஊரிலயும் இது தேவை, ஏனெண்டால் டம்ப் ஒரு நாள் நீண்டு போய் அடுத்த நாளோட மோதலாம்.

இன்னொரு விசயம். ஆர்சிங்கில டிலீட் ஆப்ஷன் போட்டு அப்படியே கண்ணாடி மாதிரி வச்சால் அது பேக்கப் இல்லை, செர்வரில அழிஞ்சது ராவோட ராவா உங்கட பக்கத்திலயும் அழிஞ்சிரும். பழைய நாளுகள் தனித்தனியா நிக்கவேணும். ரெஸ்டிக், போர்க் எண்டு ரெண்டு இருக்கு, ரெண்டும் மாறின துண்டுகளை மட்டும் சேமிச்சு, பூட்டி வைக்கும். பூட்டின பாஸ்வேர்ட் துலைஞ்சால் ஆராலயும் திறக்க ஏலாது, அதைக் கடதாசியில எழுதிக் கடைக்கார முதலாளியிட்டக் குடுத்து அலுமாரியில வைக்கச் சொல்லுங்கோ.

தறிச்சத்தம், ஈரோடு:

அண்ணை, அக்கா, அண்ணா, மூணு பேருக்கும் கோடி நன்றிங்க. 17ஆம் தேதி மத்தியானம் லைவ்ல ஏத்தியாச்சு, கணக்கர் 18ஆம் தேதியே ரிட்டர்ன் போட்டுட்டாரு.

இந்த ரெண்டு நாளா உக்காந்து எல்லாத்தையும் புதுசா எழுதிட்டேன், தப்பு இருந்தா திட்டுங்க. ஸ்கிரிப்டோட முதல் வரி பாஷ், ஏன்னா உபுண்டுல வெறும் எஸ்ஹெச்ன்னா டேஷ்ங்கற வேற ஷெல்தான், அதுல பைப்ஃபெயில் (பைப்ல எந்தக் கமாண்ட் தோத்தாலும் எர்ரர்னு எடுத்துக்கறது) வேலை செய்யலை. ரெண்டாவது வரில எர்ரர் வந்தா நில்லு, பைப்ஃபெயில் ரெண்டும். மைஎஸ்க்யூஎல்டம்புக்கு முழு பாத் குடுத்துட்டேன். பாஸ்வேர்டு முன்னாடி கமாண்ட் வரிலயே இருந்துச்சு, கமாண்ட் ஆரம்பிக்கற அந்த நொடில பிஎஸ் (ஓடற வேலைகளைக் காட்டற கமாண்ட்) அடிச்சா யார் கண்ணுலயும் படலாம்னு இப்பத்தான் உறைச்சுது, அதை எடுத்து மைசிஎன்எஃப் ஃபைல்ல போட்டு 600 பர்மிஷன் (அந்த ஒரு யூசர் மட்டும் படிக்கலாம்) வெச்சாச்சு. டம்ப் முதல்ல தற்காலிகப் பேர்ல எழுதும், முடிஞ்சதும் கடைசி வரில "டம்ப் கம்ப்ளீட்டட்"ன்னு இருக்கான்னு பாக்கும், இருந்தாத்தான் உண்மையான பேருக்கு மாத்தும். அதனால அரைகுறை ஃபைலை ஆபீஸ் மெஷின் இழுத்துட்டுப் போகாது. நேரம் ராத்திரி 2, ஃபைல் பேர்ல நம்ம ஊர் தேதி.

ஆபீஸ்ல பழைய டெஸ்க்டாப் ஒண்ணுல 2 டிபி டிஸ்க் மாட்டி மூணரைக்கு ஆர்சிங்க்ல இழுக்குது, படம் முதல் நாள் 18 ஜிபி, அடுத்த நாள் வெறும் 31 எம்பி, மூணு நிமிஷம் கூட ஆகலை. காலைல டிபன் நேரத்துல பில் உடனே வருதுன்னு ஓட்டல்ல ஆச்சரியமா கேட்டாங்க. அங்கிருந்து ரெஸ்டிக் வெச்சு வேற கம்பெனி கிளவுட்ல ஒரு காப்பி, தினசரி 7, வாரம் 4, மாசம் 12 வெச்சுக்கறாப்புல.

தினமும் முடிஞ்சதும் டெலிகிராம் பாட்ல "பேக்கப் ஓகே"ன்னு எனக்கு மெசேஜ் வர்றாப்புல பண்ணிருக்கேன். இது போதுமா அக்கா?

வரிசைஎண், கோயமுத்தூர்:

நல்லா பண்ணிருக்கீங்க, மனசுக்கு நிறைவா இருக்கு. மூணு விஷயம் மட்டும்.

டம்ப் இப்ப நிஜமாவே ஓடப் போகுது, அதனால சிங்கிள் ட்ரான்சாக்‌ஷன் ஆப்ஷன் போட்டீங்களான்னு பாருங்க. போடலைன்னா டம்ப் எடுக்கற வரைக்கும் டேபிளைப் பூட்டி வைக்கும், ராத்திரி 2 மணிக்கு யாரும் பில் போடலைங்கறது சரி, ஆனா ஒருநாள் நீங்களே பகல்ல அவசரத்துக்கு எடுப்பீங்க, அப்ப மூணு கல்லாவும் நின்னுடும். டேபிள் எல்லாம் இன்னோடிபியாங்கறதையும் பாத்துக்கோங்க, மைஐசாம்ங்கற பழைய டேபிள் வகைல அது உதவாது.

டெலிகிராம் ஓகே மெசேஜ் போதாது. ஒரு மாசத்துல அதைப் பாக்காமலே தள்ளிவிட ஆரம்பிச்சுடுவீங்க, எல்லாருமே அப்படித்தான், அப்புறம் அது வராத நாளை கவனிக்கவே மாட்டீங்க. தலைகீழா வைங்க. ஸ்கிரிப்ட் வெற்றியா முடிஞ்சா ஒரு வெளி சர்வீஸுக்கு பிங் (ஒரு சின்ன சிக்னல்) போகணும், 26 மணி நேரமா பிங் வரலைன்னா அந்த சர்வீஸ் உங்களுக்கு சத்தம் போடணும். ஹெல்த்செக்ஸ்னு ஒண்ணு இருக்கு, சோர்ஸ் கோடு திறந்தது, சொந்தமாவும் போட்டுக்கலாம், ஆனா அதே செர்வர்ல போட்டுடாதீங்க. மத்தவங்க கோடை சேமிச்சு வைக்கற கிட்லாப் கம்பெனிக்கு 2017 ஜனவரி 31ல நடந்ததை அவங்களே விரிவா எழுதி வெச்சிருக்காங்க. ஒரு இன்ஜினியர் ரெண்டாவது செர்வர்னு நெனச்சு முதல் செர்வரோட டேட்டா டைரக்டரிய அழிச்சுட்டார், நிறுத்தறதுக்குள்ள 300 ஜிபில 4.5 ஜிபிதான் மிச்சம். பேக்கப்பைத் தேடுனா காலி, ஏன்னா டேட்டாபேஸ் போஸ்ட்கிரெஸ் 9.6, டம்ப் எடுத்தது 9.2 டூல், அது தினமும் எர்ரர் ஆகி நின்னுட்டு இருந்திருக்கு. எர்ரர் மெயில் போயிருக்கு, ஆனா டிஜிட்டல் கையெழுத்து இல்லாத மெயில்னு டிமார்க்ங்கற மெயில் பாதுகாப்பு விதில திருப்பி அனுப்பப்பட்டு யாருக்கும் வந்து சேரலை. ஆறு மணி நேரம் முன்னாடி வேற வேலைக்காக கையால எடுத்த ஒரு ஸ்னாப்ஷாட்தான் காப்பாத்துச்சு. உங்க 41 வரிக்கும் அதுக்கும் என்ன வித்தியாசம் சொல்லுங்க. அவ்ளோ பெரிய டீமுக்கே அப்படின்னா, தனி ஆளா பாக்கற நீங்க உங்களையே நொந்துக்காதீங்க.

மூணாவது, ரீஸ்டோர். கிளவுட்ல இருக்கற காப்பிலேர்ந்து, செர்வர்லேர்ந்து இல்ல, லேப்டாப்ல முழுசா ஏத்திப் பாருங்க. கடிகாரம் வெச்சு எவ்ளோ நேரம் ஆகுதுன்னு குறிங்க, ஓட்டல்காரர் கேட்டா சொல்ல அது வேணும். ஏத்துனதும் மெனு டேபிளைத் திறந்து தமிழ் பேரைப் பாருங்க. தலையில கோடு போட்ட ஏ-யும் வட்டத்துக்குள்ள ஆர்-உமா வரிசையா நின்னா, யூடிஎஃப் 8ங்கற முறைல இருக்கற எழுத்தை லத்தீன்1ங்கற பழைய முறைன்னு நெனச்சு எங்கயோ படிச்சிருக்குன்னு அர்த்தம், அதைத் திருப்பிடலாம். வெறும் கேள்விக்குறியா இருந்தா எழுத்து போயே போச்சு, திரும்பாது. கேரக்டர் செட்டை யூடிஎஃப்8எம்பி4ன்னு டம்ப்லயே எழுதிடுங்க, கஸ்டமர் ஃபீட்பேக்ல போடற இமோஜியும் தப்பிக்கும்.

தறிச்சத்தம், ஈரோடு:

சிங்கிள் ட்ரான்சாக்‌ஷன் இல்லாமதான் இருந்துச்சுக்கா, இப்ப போட்டாச்சு. எல்லா டேபிளும் இன்னோடிபிதான். ஹெல்த்செக்ஸும் போட்டு, வேணும்னே ஒருநாள் ஸ்கிரிப்டை நிறுத்தி வெச்சுப் பாத்தேன், மறுநாள் காலைல 4:10க்கு போன் கத்துச்சு.

இன்னிக்கு ஞாயித்துக்கிழமை, கிளவுட்லேர்ந்து முழு ரீஸ்டோர். இறக்க 52 நிமிஷம், டேட்டாபேஸ் ஏற 9 நிமிஷம். கடைசி பில் நம்பர் நேத்து ராத்திரி 10:47க்கு ரெண்டாவது கிளைல போட்டது, கல்லா ரோல்ல இருக்கற நம்பரும் அதேதான், போன் பண்ணிக் கேட்டுட்டேன். மெனு டேபிள்ல முதல் வரி "நெய் ரோஸ்ட்", ரெண்டாவது "கல் தோசை", எல்லாம் சுத்தமான தமிழ். ஒரே ஒரு எடத்துல "கொத்து பரோட்டா 🔥"ன்னு யாரோ பேர் வெச்சிருக்காங்க, அந்த தீயும் அப்படியே வந்திருக்கு.

ரெஸ்டிக் பாஸ்வேர்டை பேப்பர்ல எழுதி கவர்ல போட்டு ஒட்டி ஓட்டல் முதலாளிகிட்ட குடுத்தேன், அவரு அதை சாமி படத்துக்குப் பின்னாடி இருக்கற இரும்புப் பெட்டில வெச்சுட்டாருங்க. அடுத்த ரீஸ்டோர் ஜூலை முதல் ஞாயிறு, காலண்டர்ல குறிச்சுட்டேன்.